மரக்காலைத் தூளில் அடுப்பெரிக்க

பெலட் என்பது எரிப்பதற்காக மரத்தூளை இறுக்கி அழுத்திய சிறு கட்டி. ஈரம் 10 வீதத்துக்குள். பச்சை விறகிலோ பாதி தண்ணீர்தான், அதை ஆவியாக்கவே சூடு வீணாகும். ஆனால் பெலட்டுக்கு இயந்திரமும் மின்சாரமும் வேண்டும். வன்னி வீட்டுக்கு மரக்காலையில் (மரம் அரியும் இடத்தில்) விழும் தூளே போதும்; பாலை, வீரை மரங்களை வெட்டுவதும் குறையும்.

அடுப்புச் செய்ய, பெரிய தகர ரின்னின் அடிப்பக்கத்தில் 2 அங்குலத் துளை போடுங்கள். நடுவில் போத்தலை நிறுத்தி, துளைவழியே அதைத் தொடும்படி தடியொன்றைச் செருகுங்கள். காய்ந்த தூளைச் சிறிது சிறிதாகப் போட்டு இடியுங்கள். இதில் அவசரப்பட்டால் எரியும்போது நடுவே சரிந்து அணைந்துவிடும். தடியை உருவியபின் போத்தலைத் திருகித் தூக்குங்கள். அடித்துளையில் சுள்ளி கொளுத்துங்கள். சட்டியை ரின்னின் மேல் மூன்று கல்லில், ஒரு விரல் உயரத்தில் வையுங்கள்.

மாரியில் நனைந்த தூள் புகைந்தே சாகடிக்கும். பிளைவுட், பெயின்ற் பூசிய பலகைத் தூள் வேண்டவே வேண்டாம். கனன்றுகொண்டிருக்கும் அடுப்பை மூடிய அறைக்குள் வைக்காதீர்கள்.