பணிச்சூழல் குறித்த மனநிலையை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி?

மேலாளரிடம் ஆங்கிலத்தில் பேசவோ மின்னஞ்சல் எழுதவோ நேரும்போது, நம்மில் பலர் மனத்தில் உள்ள எல்லாவற்றையும் 'டென்ஷன்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். உண்மையான சிக்கல் எது என்பது கேட்பவருக்குப் புரியாமலே போய்விடுகிறது. ஆகவே முதலில் காரணத்தைப் பிரித்துப் பாருங்கள். வேலை அளவுக்கு மீறினால் 'ஓவர்வொர்க்டு', உழைப்புக்கு உரிய மதிப்பு கிடைக்காவிட்டால் 'அண்டர்வேல்யூட்', ஊதியம் குறைவென்றால் 'அண்டர்பெய்டு'.

'பர்ன்ட் அவுட்' என்பதை மட்டும் எண்ணிப் பயன்படுத்துங்கள். ஒரு நாள் களைப்புக்கு 'எக்ஸாஸ்டட்' போதும். 'பர்ன் அவுட்' என்பதை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் நோயாக அல்லாமல், சரிவரக் கையாளப்படாத நீடித்த பணி அழுத்தத்தின் விளைவாக வரையறுத்து, ஆற்றல் வற்றுதல், வேலையிலிருந்து மனம் விலகுதல், செயல்திறன் குறைதல் ஆகிய மூன்றையும் அதன் கூறுகளாகக் குறிப்பிட்டது.

சொல்லின் ஈறும் முக்கியம். 'ஐ ஆம் போர்டு' என்றால் எனக்குச் சலிப்பாக இருக்கிறது என்று பொருள். 'ஐ ஆம் போரிங்' என்றாலோ, நானே பிறருக்குச் சலிப்பூட்டுபவன் என்றாகிவிடும். நன்கு படித்தவர்களும் நேர்காணலில் இங்கே தடுமாறுவதைக் கண்டு வருந்தியிருக்கிறேன்.

உணர்வைச் சொன்னதும் காரணத்தையும் அதே வாக்கியத்தில் சேர்த்துவிடுங்கள்: 'ஐ ஃபீல் ஓவர்வெல்ம்டு பிகாஸ் ஐ ஆம் ஹேண்ட்லிங் த்ரீ ப்ராஜெக்ட்ஸ் அலோன்.' 'ஓவர்வெல்ம்டு' என்றால் சமாளிக்க முடியாமல் திணறுவது. இந்த வாக்கியத்தில் யார் மீதும் குற்றச்சாட்டு இல்லை. மூன்று திட்டங்களைத் தனியாகச் சுமக்கிறீர்கள் என்ற செய்தி மட்டும் தெளிவாக மேலாளரின் முன் நிற்கிறது.