தருமபுரியிலிருந்து தனுஷ்கோடிக்கு எப்படிப் போகலாம்

நம்ம ஊரில் கடல் இல்லை என்பதால் அவசரப்பட்டு ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்காதீர்கள். முதல் நாள் சேலம், கரூர், திண்டுக்கல் வழியாக மதுரை போய்த் தங்கிவிட்டு, விடியலில் ராமேஸ்வரம் கிளம்புங்கள்.

அங்கிருந்து தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை 2017 முதல் நல்ல சாலை இருக்கிறது. இருபுறமும் கடல், நடுவில் மணல்திட்டு. ஆனால் நேராக முனைக்கு ஓடிவிடாமல், இடிந்த தேவாலயத்திலும் ரயில் நிலையத்திலும் கொஞ்சம் நில்லுங்கள், 1914 முதல் இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் விட்ட ஊர் இது, 1964 டிசம்பர் புயலில் ஓடிக்கொண்டிருந்த ரயிலோடு சேர்த்துக் கடல் வாரிக்கொண்டது. அங்கே சுவரில் பெயர் கிறுக்காதீர்கள், தயவுசெய்து.

நிழலே கிடையாது, தொப்பியும் தண்ணீரும் அவசியம். அப்புறம், நீரோட்டம் மோசம். முனையில் குளிக்க இறங்கவே வேண்டாம்.