பால்வழி மையத்து வாயு இழைகளை அளக்கும்போது சறுக்கும் இடங்கள்

பால்வழியின் நடுவே, சஜிடேரியஸ் ஏ ஸ்டார் கருந்துளையைச் சுற்றி அயனியான வாயு ஒரு குட்டிச் சுருளாகப் பரவிக் கிடக்கிறது. அதற்குள் மெல்லிய இழைகள் ஏராளம். படத்தில் பார்க்க அழகுதான், அளவெடுக்கப் போனால்தான் சிக்கல்.

அதிகம் பேர் சறுக்குவது அகலத்தில். படத்தில் தெரியும் அகலம் இழையுடையது மட்டுமல்ல, தொலைநோக்கியின் பீமும், அதாவது ஒரு புள்ளியை அது எவ்வளவு பரப்பிக் காட்டும் என்ற அளவும், அதில் கலந்திருக்கிறது. பீம் 0.4 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு ஒரு ஆர்க்செகண்ட்), அளந்தது 0.5 என்றால் உண்மை அகலம் 0.5-உம் இல்லை, கழித்து வரும் 0.1-உம் இல்லை. இரண்டும் காஸ் வடிவம் (மணி போன்ற வளைவு) என்று கொண்டால், வர்க்கங்களைக் கழித்து மூலம் எடுக்க 0.3 வரும். பால்வழி மையத்தின் தொலைவில் அது சுமார் 0.012 பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு). அளந்தது 0.42 என்றால் இந்தக் கணக்கையும் நம்ப முடியாது. மேல் வரம்பு மட்டும் சொல்லி நிறுத்துவதே நேர்மை. இது அற்ப விஷயம் இல்லை. இழையை உருளையாகக் கொண்டு, வரும் ஒளியிலிருந்து அடர்த்தி கணக்கிடும்போது, அகலம் இரட்டிப்பானால் அடர்த்தி பாதியாகும், நிறை இரட்டிப்பாகும்.

பீம் வட்டம் என்று நினைப்பதும் தப்பு. நியூ மெக்சிகோவில் உள்ள விஎல்ஏ என்ற ரேடியோ ஆன்டெனா வரிசைக்குப் பால்வழி மையம் தெற்கே தாழ்வாகத்தான் தெரியும். அதனால் பீம் வடக்கு தெற்காக நீண்டுவிடும். கிழக்கு மேற்காக ஓடும் இழைகள் தடித்துத் தெரிய அதுவே போதும். சிலியில் உள்ள ஆல்மா ஆன்டெனா வரிசைக்கு இந்தத் தொல்லை குறைவு.

அப்புறம், எல்லா இழையும் சூடான வாயு அல்ல. 1984-இல் விஎல்ஏ காட்டிய நீண்ட ரேடியோ இழைகள் காந்தப்புலத்தில் சுழலும் எலெக்ட்ரான்களின் சிங்க்ரோட்ரான் ஒளி. ஒரே அலைவரிசைப் படத்தை வைத்து அடர்த்தி கணக்கிட்டால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. அயனி வாயு ஒளிபுகும் அளவுக்கு மெல்லியதாக இருந்தால், அலைவரிசை மாறினாலும் பிரகாசம் பெரிதாக மாறாது. ஹைட்ரஜன் மீள்சேர்க்கைக் கோடுகளும் (எலெக்ட்ரான் அயனியோடு மீண்டும் சேரும்போது குறிப்பிட்ட அலைவரிசைகளில் வரும் ஒளி) கிடைக்கும். இரண்டையும் பார்த்துவிட்டுக் கணக்கைத் தொடங்கலாம்.

ஆன்டெனாக்களுக்கு இடையே குறுகிய இடைவெளிகள் இல்லாவிட்டால் பரந்த ஒளி படத்தில் காணாமல் போகும். இழையின் இருபுறமும் எதிர்ம எண்கள் வந்தால் அதுதான் அறிகுறி. அங்கே பின்னணியைக் கழிப்பது வீண்.

பல ஆண்டுத் தரவுகளை அப்படியே சேர்ப்பவர்களும் உண்டு. நொடிக்கு 200 கிலோமீட்டர் குறுக்கே நகரும் வாயு பத்தாண்டில் 0.05 ஆர்க்செகண்ட் தள்ளிப்போயிருக்கும். கருந்துளையின் பிரகாசமும் மணிக்கு மணி மாறும். அதன் பங்கை முதலில் நீக்காவிட்டால், அது படத்தில் விடும் பொய்க் கோடுகளையும் சேர்த்து இழை என்று எண்ணிக்கொண்டிருப்போம்.