கன்சூமர் ஸ்டடீஸ் எடுக்கும் பிள்ளைக்கும் வீட்டாருக்கும்

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பாடம் தேர்ந்தெடுக்கும் தாளை வீட்டுக்குக் கொண்டுவரும் காலத்தில் எனக்குத் தொலைபேசி வந்தபடி இருக்கும். தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில், பொருள் வாங்குவது, சமையல், உடை, வீடு எல்லாம் சொல்லும் கன்சூமர் ஸ்டடீஸ் பாடத்தை 26 ஆண்டுகள் கற்பித்தேன். ஓய்வு பெற்றும் அழைப்புகள் நிற்கவில்லை. "டீச்சர், சமைக்கக் கற்றுக்கொள்ள ஆயா வீட்டில் இருக்கிறாளே, அதற்கு ஒரு பாடமா?" என்று ஒரு அப்பா கேட்டார். (எங்கள் ஊரில் ஆயா என்றால் பாட்டி.) அவரைப்போல் நினைக்கும் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன்.

முதலில் தாளை நிதானமாகப் படியுங்கள். பத்தாம் வகுப்பிலிருந்து மேட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) வரை ஏழு பாடங்கள். இரண்டு மொழி, கணிதம் அல்லது மேத்ஸ் லிட்ரஸி (அன்றாடக் கணக்கு), லைஃப் ஓரியன்டேஷன் (வாழ்க்கைத் திறன்) ஆகிய நான்கும் கட்டாயம். மீதி மூன்றுதான் பிள்ளையின் விருப்பம். கன்சூமர் ஸ்டடீஸ் அந்த மூன்றில் ஒன்று. பட்டப்படிப்புக்குத் தகுதி பார்க்கும்போது இதுவும் முழுப் பாடமாகவே சேரும். ஆனால் பிள்ளை டயட்டீஷியன் ஆக ஆசைப்பட்டால், இதை எடுத்த மகிழ்ச்சியில் கணிதத்தையும் அறிவியல் பாடத்தையும் விட்டுவிடாதீர்கள். பல்கலைக்கழகம் அவற்றைத்தான் முதலில் கேட்கும். அப்படி விட்டுவிட்டு மேட்ரிக்கில் என் முன் அழுத பிள்ளைகளை இன்னும் மறக்கவில்லை.

ஹாஸ்பிடாலிட்டி ஸ்டடீஸ் வேறு பாடம். அது ஓட்டல் சமையலறையும் பரிமாறலும். கன்சூமர் ஸ்டடீஸில் நுகர்வோர் உரிமை, உணவும் சத்தும், உடை, வீடு, சிறுதொழில் எல்லாம் உண்டு. கூடவே ஒரு செய்முறை: உணவு, தையல், மெத்தை திரை போன்ற வீட்டுத்துணி, பின்னல், கையால் தைக்கும் குவில்ட் ஆகியவற்றில் ஒன்று. எதை நடத்துவது என்று பள்ளிதான் முடிவு செய்யும். ஆகவே கையெழுத்துப் போடுமுன் பள்ளிக்குப் போய், "உங்களிடம் எந்தச் செய்முறை? எத்தனை அடுப்பு வேலை செய்கிறது? பொருளுக்கு வருடம் எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். அடுப்பைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

மேட்ரிக் மதிப்பெண்ணில் பாதி இறுதித் தேர்வுக்கு. கால்பங்கு வருடம் முழுக்க நடக்கும் தேர்வுகளுக்கும் வேலைகளுக்கும். இன்னொரு கால்பங்கு செய்முறைக்கு. பள்ளியில் அதை 'பேட்' (PAT, செய்முறை மதிப்பீட்டு வேலை) என்போம். அந்தக் கால்பங்கைப் பிள்ளையின் கையும் கடிகாரமும் முடிவு செய்யும்.

பேட் நாளுக்கு முந்தைய இரவு செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். செய்குறிப்பை மூன்று முறை படிக்கச் சொல்லுங்கள். பிறகு நேரத்தைப் பின்னாலிருந்து எழுத வேண்டும். பத்தரைக்குத் தட்டு மேசையில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலங்கரிக்கப் பத்து நிமிடம், ஆற வைக்கப் பத்து, ஸ்கோன் என்ற சிறு பன் வேகப் பதினைந்து. ஆக 9:55க்கு அது அடுப்பினுள் போக வேண்டும். அடுப்பு 220 டிகிரி சூடாக இருபது நிமிடம் ஆகுமென்றால் 9:35க்கே பொத்தானைத் திருகியாக வேண்டும். முன்னாலிருந்து எழுதும் பிள்ளை மாவைப் பிசைந்துவிட்டு, குளிர்ந்த அடுப்பின் முன் நின்று விழிக்கும். அதற்குள் வெண்ணெய் உருகி ஸ்கோன் தட்டையாகும். ஒவ்வொரு வருடமும் பார்த்தேன்.

ஈஸ்ட் வைக்கும் நாளில் தண்ணீர் கைக்கு இதமான சூட்டில், 37 டிகிரி அளவில் இருந்தால் போதும். 60 டிகிரி தொட்டால் ஈஸ்ட் செத்துவிடும். நம் பிள்ளைகளுக்கு இதைப் புரிய வைப்பது எளிது. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற மீலி மாவை (மக்காச்சோள மாவு) கரைத்துப் புளிக்க வைக்கிறோமே, அதுவும் நுண்ணுயிர் செய்யும் வேலைதான். குளிர்ந்த இரவில் ஆயா பானையைப் போர்வையால் சுற்றுவது ஏன் என்று கேளுங்கள். பிள்ளையே பதில் சொல்லும். நான் வகுப்பில் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குவேன்.

அடுத்தது கணக்கு. பாதிப் பிள்ளைகள் மதிப்பெண் விடும் இடம் இது, வீட்டிலேயே பழகக்கூடியதும் இதுதான். கோயில் நிதிக்குச் சமோசா விற்ற ஒரு மாணவி வகுப்புக்குக் கணக்குக் கொண்டுவந்தாள். அறுபது சமோசா, ஒன்று இரண்டு ரேண்ட், வரவு 120. பொருளுக்கு 74 ரேண்ட் போனது, லாபம் 46 என்று எழுதியிருந்தாள். இருவரும் சேர்ந்து திரும்பப் போட்டோம். பத்துக் கிலோ உருளைக்கிழங்கு மூட்டை 90 ரேண்ட்; இரண்டு கிலோ எடுத்தாள், 18. இரண்டரைக் கிலோ மாவு 40 ரேண்ட். ஒரு கிலோவுக்கு 16. இரண்டு லிட்டர் எண்ணெய் 64. முக்கால் லிட்டருக்கு 24. வெங்காயம், மசாலா, தனியா 16. (எங்கள் ஊரில் தனியா என்றால் இலைதான்.) இதுவரை அவள் கணக்குச் சரி. ஆனால் ஐந்து டப்பாவுக்குப் பத்து ரேண்டையும் மின்சாரத்துக்கு ஆறு ரேண்டையும் மறந்துவிட்டாள். சேர்த்தால் 90. மிச்சம் 30 ரேண்ட். "எவ்வளவு நேரம் மடித்தாய் கண்ணு?" என்றேன். மூன்று மணி நேரம் என்றாள். மணிக்குப் பத்து ரேண்ட்! அவள் உழைப்புக்கு மணிக்கு 30 ரேண்ட் போட்டால் மொத்தச் செலவு 180, ஒரு சமோசா மூன்று ரேண்ட். அதன்மேல் பாதி லாபம் வைத்தால் 4.50, டஜன் 54 ரேண்ட். அந்தப் பெண் அன்று முகம் சிவந்து உட்கார்ந்திருந்தாள். அடுத்த மாதம் 54க்கு விற்றாள், வாங்கவும் வாங்கினார்கள்.

பொருள், பொதி (டப்பா), மேற்செலவு (மின்சாரம் போன்றவை), கூலி, பிறகு லாபம் என்ற இந்த வரிசையைப் பிள்ளை மனப்பாடமாக வைத்திருக்கட்டும். சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள்.

ஞாயிறு கடைக்குப் போய் வந்ததும் ரசீதைப் பிள்ளை கையில் கொடுங்கள். மதிப்புக் கூட்டு வரியான வாட் 2018 ஏப்ரலில் 14 விழுக்காட்டிலிருந்து 15 ஆனது. ஆனால் பிரௌன் பிரெட், அரிசி, மீலி மாவு, பருப்பு, பால், முட்டை, காய்கறி, பழம், சமையல் எண்ணெய், டின் பில்சார்ட் மீன் ஆகியவற்றுக்கு வரி பூஜ்யம். 2019 ஏப்ரலில் கேக் மாவும் வெள்ளை பிரெட் மாவும் சானிட்டரி பேடும் சேர்ந்தன. எது வரியோடு, எது வரியில்லாமல் என்று பேனாவால் குறிக்கச் சொல்லுங்கள். பத்து ஞாயிறு போதும்.

நுகர்வோர் சட்டத்தையும் இப்படி வீட்டு நிகழ்ச்சியோடு படித்தால்தான் நிற்கும். நான் வாங்கிய மிக்ஸி நான்காம் மாதம் நின்றுபோனது. "கம்பெனிக்கு அனுப்புகிறோம், ஆறு வாரம் ஆகும்" என்றார் கடைக்காரர். 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவைச் சொன்னேன். பழுதான பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம்; சரிபார்ப்பதா, மாற்றுவதா, பணத்தைத் திருப்புவதா என்று தேர்வது வாங்கியவர். மேலாளர் வந்தார், பணம் வந்தது. அதே சட்டம், வீடு தேடி வந்து விற்றவரிடம் வாங்கியதை ஐந்து வேலை நாளுக்குள் ரத்து செய்யவும் இடம் தருகிறது. பானை செட்டுக்குக் கையெழுத்துப் போட்ட நம் பெரியம்மாக்களுக்கு இதைப் பிள்ளைகள் சொல்ல வேண்டும். 2005ஆம் ஆண்டுத் தேசியக் கடன் சட்டப்படி வருடத்துக்கு ஒரு முறை கடன் அறிக்கை இலவசம். அப்பாவுடையதை எடுத்து, பிள்ளையும் அப்பாவும் சேர்ந்து படிக்கலாம்.

உணவுப் பகுதியில் சர்க்கரை நோயை ஊன்றிப் படிக்கச் சொல்லுங்கள். நம் வீடுகளில் அது இல்லாத வீடு எது? பாக்கெட்டில் பொருட்கள் எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக இருக்கும். சர்க்கரை முதல் மூன்றில் இருந்தால் திரும்ப அலமாரியில் வைக்கலாம். உணவுவழி நோய் பற்றி எழுதும்போது 2017-18இல் லிஸ்டீரியா என்னும் பாக்டீரியா பரவியதை உதாரணம் காட்டலாம். போலனி என்னும் பதப்படுத்திய இறைச்சி வழியாகப் பரவி 200க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். லிஸ்டீரியா குளிர்பெட்டிக்குள்ளும் வளரும் என்பதைப் பிள்ளை சேர்த்து எழுதினால் நல்லது.

உடைப் பகுதி சிறிது, இரண்டு மாலையில் முடியும். வீட்டுப் பகுதிக்கு நேரம் கொடுங்கள். குடியிருப்பை இனவாரியாகப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் பெயர்க்கப்பட்டு சாட்ஸ்வொர்த் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். வீடு வாங்கும் தாளைப் படிக்கத் தெரியாமல் இருக்கக் கூடாது. 'ஃபூட்ஸ்டூட்ஸ்' என்றால் உள்ளது உள்ளபடி வாங்குவது. ஆனால் கூரை ஒழுகுவது தெரிந்தும் மறைத்தவரை அந்தச் சொல் காப்பாற்றாது.

இறுதித் தாள் மூன்று மணி நேரம், 200 மதிப்பெண். முதல் கேள்வி எல்லாப் பகுதியிலிருந்தும் சிறு வினாக்கள், 40. நுகர்வோர் 20, உணவு 40, உடை 20, வீடு 40, சிறுதொழில் 40. நான்கு காரணம் கேட்டால் நான்கே எழுதட்டும். ஐந்தாவதைத் திருத்துபவர் பார்க்கமாட்டார். ஒரே கருத்தை இரண்டு விதமாகச் சொன்னால் ஒன்றுதான் கணக்கு.

பத்தாம் வகுப்பு தொடங்குமுன் வரும் டிசம்பர் விடுமுறையில் ஒரு வாரம் வீட்டுச் சாமான் பணத்தைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். பட்டியலும் அதுவே எழுதட்டும், விலையும் அதுவே ஒப்பிடட்டும். நடுவில் யாரும் திருத்த வேண்டாம், வியாழக்கிழமை பால் தீர்ந்துபோனாலும் சரி. சனிக்கிழமை ரசீதுகளை மேசையில் பரப்பி, மாமா, அத்தை எல்லோரையும் உட்கார வைத்துப் பிள்ளையே கணக்குச் சொல்லட்டும். மீந்த பணம் பிள்ளைக்கே.