அடுத்த தலைமுறை கிராபிக்ஸ் கார்டு: காத்திருப்பதிலும் வாங்குவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது கிராபிக்ஸ் கார்டு பற்றி ஒரு வதந்தி கிளம்பினால் போதும், "இப்போதே வாங்கலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா" என்ற கேள்வியும் கூடவே கிளம்பிவிடும். பெரும்பாலானோர் இதற்கு நாள்காட்டியில் பதில் தேடுகிறார்கள். தங்கள் கணினி எங்கே திணறுகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. பல தவறுகள் அங்கிருந்துதான் வருகின்றன.

நாள்காட்டியைப் பொறுத்தவரை பெரிய ரகசியம் எதுவும் இல்லை. கிராபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 10 வரிசை 2016 மே மாதம் வந்தது. ஆர்டிஎக்ஸ் 20 வரிசை 2018 செப்டம்பரில், 30 வரிசை 2020 செப்டம்பரில், 40 வரிசை 2022 அக்டோபரில், 50 வரிசை 2025 ஜனவரியில். இரண்டு ஆண்டு, அல்லது அதற்குச் சற்று மேல். ஒரு தலைமுறை வந்து ஆறு மாதம்தான் ஆகிறது என்றால் அடுத்ததற்காகக் காத்திருப்பதில் பொருளே இல்லை. ஒன்றரை ஆண்டு தாண்டிவிட்டது என்றால் யோசிக்கலாம்.

யோசிக்கும்போது பலர் மறப்பது ஒன்று உண்டு. முதலில் வருவது பெரும்பாலும் விலை உயர்ந்த கார்டுகள்தான். 40 வரிசையின் உச்ச கார்டான 4090 கடைக்கு வந்தது 2022 அக்டோபரில். அதே வரிசையின் நடுத்தரக் கார்டான 4060 வந்தது 2023 ஜூன் இறுதியில். 5090 2025 ஜனவரியில் வந்தது, 5060க்கு மே வரை ஆனது. நடுத்தர விலைக் கார்டு வாங்கப்போகிறவர் லான்ச் தேதியை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அந்தத் தேதிக்குப் பிறகும் பல மாதம் உட்கார வேண்டியிருக்கும்.

அப்புறம், அறிவித்த விலைக்கே கார்டு கையில் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை. 3080 வந்தபோது அறிவித்த விலை 699 டாலர். அந்த விலைக்கு அது கிடைப்பது நீண்ட காலம் குதிரைக்கொம்பாகவே இருந்தது. பெருந்தொற்றுக் கால உற்பத்திச் சிக்கல் ஒரு பக்கம், கிராபிக்ஸ் கார்டால் கணக்குப் போட்டுக் கிரிப்டோ நாணயம் சம்பாதிப்பவர்கள் (தோண்டுபவர்கள்) மொத்தமாக அள்ளியது இன்னொரு பக்கம். 2022இல் கிரிப்டோ விலை சரிந்து, செப்டம்பரில் எத்திரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையையே மாற்றிக்கொண்டு, அதைக் கிராபிக்ஸ் கார்டில் தோண்டும் தேவையே இல்லாமல் போனது. சந்தை ஓரளவு மூச்சு விட்டது அந்த ஆண்டில்தான். காத்திருந்தால் விலை குறைந்தே தீரும் என்று எந்த விதியும் இல்லை.

ஒவ்வொரு தலைமுறையும் ஒரே அளவு பாய்ச்சல் காட்டும் என்று நினைப்பதும் தவறு. 699 டாலருக்கு வந்த 3080, அதே விலையில் வந்த 2080ஐ வெகுதூரம் பின்னுக்குத் தள்ளியது. ஆனால் அந்த 2080, 2017இல் அதே 699 டாலருக்கு வந்த 1080 டிஐயைப் பெரிதாகத் தாண்டவில்லை. நினைவகம் மட்டும் 11 ஜிபியிலிருந்து 8 ஜிபியாகக் குறைந்தது. 3060 டிஐ, 4060 டிஐ இரண்டும் 399 டாலர். புதியதன் கூடுதல் வேகம் மிகச் சொற்பம். பெயரில் எண் கூடியதாலேயே வேகமும் அதே அளவு கூடிவிடாது. 4080 என்ற ஒரே பெயரில் 12 ஜிபி, 16 ஜிபி என இரண்டு வேறு வேறு சில்லுகளை அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் 12 ஜிபி கார்டைத் திரும்பப் பெற்று, பிறகு 4070 டிஐ என்று விற்றார்கள். பெயரை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இதுவே போதும்.

அறிமுக மேடையில் காட்டும் வேக வரைபடங்களை நான் இன்னும் சந்தேகத்தோடு பார்ப்பேன். 2025 தொடக்கத்தில் 549 டாலர் 5070, 4090க்கு இணையான வேகம் தரும் என்றது என்விடியா. அந்தக் கணக்கில் இருந்தது ஃபிரேம் ஜெனரேஷன்: கார்டு உண்மையில் வரையும் இரண்டு ஃபிரேம்களுக்கு (திரையில் அடுத்தடுத்துக் காட்டப்படும் படங்களுக்கு) நடுவே மூன்று வரை செயற்கையாகச் செருகுவது. திரையில் அசைவு வழவழப்பாகத் தெரியும், சரி. ஆனால் மவுஸை நகர்த்தியதும் விளையாட்டு பதில் சொல்லும் வேகம் உண்மையான ஃபிரேம்களைப் பொறுத்தது. அடிப்படை வேகமே நொடிக்கு 25, 30 ஃபிரேம் என்றிருந்தால், திரையில் 100 காட்டினாலும் கை மந்தமாகத்தான் உணரும். செயற்கை ஃபிரேம் இல்லாமல் எடுத்த தனிச் சோதனைகள் வரும்வரை பணத்தை எடுக்க வேண்டாம்.

நினைவகத்துக்கு வருவோம். கார்டிலேயே இருக்கும் 8 ஜிபி நினைவகம் போதாமல் போனால் தரவு வழிந்து கணினியின் ரேமுக்குப் போகிறது. அங்கிருந்து திரும்பி வர நேரம் பிடிப்பதால் ஆட்டம் விக்கி விக்கி ஓடுகிறது. சராசரி ஃபிரேம் எண்ணிக்கையில் இது மறைந்துவிடும். சோதனை அறிக்கைகளில் மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களின் எண்ணைப் பாருங்கள், அங்கேதான் உண்மை தெரியும். பழைய மதர்போர்டு வைத்திருப்பவர்களுக்குக் கூடுதல் தலைவலி: ஏஎம்டி நிறுவனத்தின் 6500 எக்ஸ்டி போன்ற கார்டு, மதர்போர்டோடு தரவு பரிமாறும் பிசிஐஇ பாதைகளில் (லேன்) நான்கை மட்டுமே பயன்படுத்துவதால், பழைய மூன்றாம் தலைமுறை பிசிஐஇ ஸ்லாட்டில் அதன் வேகம் வெகுவாக விழும்.

குறை கார்டில்தான் இருக்கிறதா என்று சோதிக்காமலே வாங்குபவர்களும் உண்டு. வழக்கமாக ஆடும் விளையாட்டில் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். ஃபிரேம் எண்ணிக்கை கூடவே இல்லையென்றால் தடை பெரும்பாலும் பிராசஸர்தான். எந்தக் கார்டு வாங்கினாலும் அது அப்படியே இருக்கும். நொடிக்கு 60 ஃபிரேம் மட்டுமே காட்டும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரை மாற்றாமல் பெரிய கார்டு வாங்குவதும் இதே ரகம். பவர் சப்ளையையும் கேபினட்டின் நீளத்தையும் முன்பே பாருங்கள். 5090 கார்டு ஒன்றே தனியாக 575 வாட் வரை இழுக்கும். புதுவகை பவர் இணைப்பான் முழுதாக உள்ளே போய்ப் பொருந்தியதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள், அரைகுறையாகச் செருகி உருகிய சம்பவங்கள் இருக்கின்றன.

இதற்கு நேர் எதிரான தவறு, "இன்னும் ஓடுகிறதே" என்று அளவுக்கு மீறி இழுப்பது. ஒளி பாயும் விதத்தைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் முறைக்கான வன்பொருள் கார்டில் இல்லாவிட்டால் திறக்கவே மறுக்கும் விளையாட்டுகள் வரத் தொடங்கிவிட்டன. ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கு விளையாட்டுகளுக்கான வழக்கமான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) வெளியீட்டை 2025 அக்டோபரோடு நிறுத்துவதாக என்விடியா அறிவித்தது. அதற்குப் பின் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்.

பழையதை விற்பதிலும் அவசரம் கெடுக்கும். 2020 செப்டம்பரில் 499 டாலர் 3070, 2080 டிஐக்கு ஈடு என்று அறிவித்ததும், பதறிப்போய்ப் பலர் தங்கள் 2080 டிஐகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். சில மாதங்களில் தட்டுப்பாடு முற்றி, செகண்ட் ஹேண்ட் விலை எகிறியது. விற்றவர்கள் கையில் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. புதுக் கார்டு வீட்டுக்கு வந்து, இரண்டு நாள் ஒழுங்காக ஓடிய பிறகு பழையதை விற்றால் சில டாலர் குறைவாகக் கிடைக்கலாம், அவ்வளவுதான்.