முதற் பேரடைகளின் புறஊதா ஒளியை அளவிடுவது எப்படி?

பெருவெடிப்புக்கு ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகளுக்குப் பின் நடுநிலை அணுக்களாக மாறிய ஹைட்ரஜன், முதல் நூறு கோடி ஆண்டுகள் முடியும் தறுவாயில், விண்மீன் பேரடைகளுக்கு இடைப்பட்ட வெளியெங்கும் மீண்டும் அயனியாகிவிட்டது. அதைச் செய்தவை இளம் பேரடைகளே எனக் கணக்கிட்டுக் காட்ட மூன்று அளவுகள் வேண்டும்: பேரடைகளின் எண்ணிக்கை, அவை உண்டாக்கிய அயனியாக்கும் ஃபோட்டான்கள் (ஹைட்ரஜனிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்கவல்ல ஒளித்துகள்கள்), அவற்றுள் வெளியே தப்பிய பங்கு. புதிதாகத் தொடங்குபவர் இரண்டாவதிலிருந்து தொடங்குவதே நல்லது. அதற்கு ஒரே ஒரு நிறமாலை போதும்.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் நிறமாலைகள் மாஸ்ட் (MAST) என்னும் இணைய ஆவணக்காப்பகத்தில் எவருக்கும் கிடைக்கின்றன. ஏபெல் 2744 பேரடைக்கொத்தின் திசையில் தேடுங்கள். அக்கொத்தின் ஈர்ப்பு வில்லைபோல் செயல்பட்டு, பின்னாலுள்ள மிக மங்கிய பேரடைகளையும் பெரிதாக்கிக் காட்டுகிறது.

செந்நகர்ச்சி என்பது பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் எவ்வளவு கூடியது என்பதன் அளவு; அது 7 ஆக உள்ள பேரடையில் ஒவ்வொரு அலைநீளமும் (1 + 7) எட்டு மடங்காக நீண்டிருக்கும். ஆகவே ஹைட்ரஜன் உமிழும் ஹைட்ரஜன்-பீட்டா கோடு 3.890 மைக்ரானிலும், ஆக்சிஜனின் இரட்டைக் கோடுகள் 3.968, 4.007 மைக்ரான்களிலும் நிற்கும். இவை வெற்றிட அலைநீளங்களிலிருந்து கிடைத்தவை; பழைய அட்டவணைகளிலுள்ள காற்று அலைநீளங்களை இங்கே எடுத்தாளக் கூடாது. ஆக்சிஜன் கோடுகளின் வலிமை ஒன்றுக்கு மூன்று என அமைகிறதா என்று பாருங்கள். அமையாவிட்டால் செந்நகர்ச்சியையோ பின்னணி ஒளியைக் கழித்த முறையையோ மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

பேரடைக்குள்ளேயே உறிஞ்சப்பட்ட ஃபோட்டான்களின் கணக்கை ஹைட்ரஜன்-பீட்டா சொல்லும்: ஏறத்தாழ எட்டரை மறுசேர்க்கைகளுக்கு (பிரிந்த எலக்ட்ரான் மீண்டும் ஹைட்ரஜனோடு சேர்வதற்கு) அக்கோட்டில் ஒரு ஃபோட்டான் பிறக்கிறது. தூசியின் மறைப்பைத் திருத்திய பின், இந்த எண்ணிக்கையைப் புறஊதா ஒளிர்வால் வகுத்தால் அயனியாக்கும் திறன் கிடைக்கும். இது விகிதம் என்பதால் ஈர்ப்பு வில்லையின் உருப்பெருக்கம் பெரும்பாலும் அடிபட்டுப் போகிறது. மங்கிய பேரடைகளை ஆராய்வோருக்கு இது பெரிய வரம். இதே திசையிலுள்ள எட்டு மங்கிய பேரடைகளைப் பற்றி 2024-இல் வெளியான ஆய்வு, அத்திறன் முன்பு கருதியதைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு என்றும், வெளியிலுள்ள ஹைட்ரஜனை அயனியாக்க அந்த ஒளியில் ஐந்து விழுக்காடு தப்பினாலே போதும் என்றும் கண்டது.

தப்பிய பங்கைத்தான் நேரடியாக அளக்க முடியாது; ஏனெனில் 91.2 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள அந்த அயனியாக்கும் ஒளியை வழியிலுள்ள ஹைட்ரஜன் விழுங்கிவிடுகிறது. எனவே அருகிலுள்ள 'பச்சைப் பட்டாணி' எனப்படும், பச்சையாகத் தோன்றும் சிறு பேரடைகளில் ஹபிள் அளந்த கசிவை அவற்றின் ஆக்சிஜன் கோடுகளோடு ஒப்பிட்டு, அந்தத் தொடர்பைத் தொலைவுக்கு நீட்டுகிறோம். அத்தொடர்பு பேரடைக்குப் பேரடை பெரிதும் வேறுபடுகிறது. விடையை ஒற்றை எண்ணாக அல்லாமல், இவ்வளவு முதல் இவ்வளவு வரை என்றே எழுதுங்கள்.