காணாமல்போனவர் வழக்கு: இணையத்தில் ஆதாரத்தை அலசும்போது நேரும் தவறுகள்

லாஸ் ஏஞ்சலிஸின் செசில் விடுதியில் தங்கியிருந்த 21 வயது கனடா மாணவி ஒருவர் 2013 ஜனவரி 31-க்குப் பிறகு காணாமல் போனார். பிப்ரவரி நடுவில் போலீஸ் ஒரு லிஃப்ட் கேமராப் பதிவை வெளியிட்டது. அவரைப் பார்த்தவர்கள் முன்வந்து தகவல் சொல்லட்டும் என்பதே நோக்கம். அந்தப் பதிவை இணையத்தில் பார்த்தவர்களோ, வழக்கே அந்தச் சில நிமிடங்களில்தான் அடங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். பெரும்பாலான தவறுகளுக்கு இதுதான் வேர். போலீஸ் வெளியில் விடுவது தேடலுக்கு உதவும் துண்டை மட்டுமே. மற்றவை கோப்பில் இருக்கும்.

பதிவில் லிஃப்ட் கதவு வெகுநேரம் மூடாமல் நின்றதை வைத்து, வெளியே யாரோ பிடித்திருக்கிறார்கள் என்றார்கள். கதவைத் திறந்தபடி நிறுத்திவைக்கும் பொத்தான் பல லிஃப்ட்களில் உண்டு. மர்மம் என்று முடிவுகட்டும் முன், அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 19-ல் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் உடல் கிடைத்தது. தொட்டியின் மூடி மூடியிருந்தது, உள்ளிருந்து மூட முடியாது, ஆகவே கொலை என்ற வாதம் வருடக்கணக்கில் சுற்றியது. உடலைக் கண்டெடுத்த ஊழியரின் வாக்குமூலமோ மூடி திறந்திருந்தது என்கிறது. ஒரே ஒரு தகவல் தவறு, அதன்மேல் எழுப்பிய அத்தனையும் விழுந்தது. மரண விசாரணை அதிகாரி தற்செயலாக மூழ்கிய மரணம் என்றும், மாணவிக்கிருந்த இருதுருவ மனநோய் (அதீத உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்) அதில் முக்கியக் காரணி என்றும் பதிவு செய்தார்.

இதைவிடக் கொடியது ஆளைக் கைகாட்டுவது. ஓராண்டுக்கு முன் அதே விடுதியில் தங்கிய ஒரு மெக்சிகோ இசைக் கலைஞரைக் கொலைகாரன் என்றார்கள். மாணவி காணாமல்போன சமயத்தில் அவர் அமெரிக்காவிலேயே இல்லை. ஆனாலும் மிரட்டல்கள் அவர் வாழ்க்கையைக் குலைத்துப்போட்டன. தேதியைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும்; அதைக்கூடச் செய்யாமல் ஒருவர் பெயரை எழுதுவது மன்னிக்க முடியாதது.

இங்கிலாந்தின் வையர் ஆற்றங்கரையில் 2023 ஜனவரி 27-ல் ஒரு பெண் காணாமல் போனபோதும் இதேதான் நடந்தது. பெஞ்சில் கிடந்த கைபேசி அலுவலக இணையக் கூட்டத்தில் இணைந்தபடியே இருந்தது. யாரோ வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போனதாகக் கதை கிளம்பியது. ஒலியலையால் நீருக்கடியில் தேடும் சோனார் கருவியில் எதுவும் அகப்படாததை, ஆற்றில் ஆளே இல்லை என்பதற்குச் சான்றாக்கினார்கள். 'தேடிய இடத்தில் கிடைக்கவில்லை' என்பதும் 'ஆற்றில் இல்லை' என்பதும் வேறு வேறு. பிப்ரவரி 19-ல் சுமார் ஒரு மைல் கீழே, கரையோர நாணலுக்கிடையே உடல் கிடைத்தது. நீச்சல் தெரிந்தவர் எப்படி மூழ்குவார் என்று கேட்டவர்கள் குளிர்நீர் அதிர்ச்சியை மறந்தார்கள். கடுங்குளிர் நீரில் விழுந்ததும் உடல் தானாகவே மூச்சை உள்ளிழுக்கும். வாய் நீருக்கடியில் இருந்தால் அந்த ஒரு மூச்சில் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். 2023 ஜூன் விசாரணையிலும் விபத்து என்றே முடிவானது.

உங்களிடம் உண்மையிலேயே ஒரு பதிவு இருந்தால் வாட்ஸ்அப்பில் பகிராதீர்கள். படமாக அனுப்பினால் தரம் குறையும், எடுத்த நேரமும் இடமும் அழிந்துவிடும். சிசிடிவி பதிவுப் பெட்டியில் வட்டு நிறைந்ததும் பழையது அழிந்து புதியது ஏறும். அதனால் அன்றே போலீசிடம் சொல்லுங்கள். பெட்டியின் கடிகாரத்தையும் கைபேசி நேரத்தையும் ஒரே படத்தில் பிடித்து வையுங்கள். பத்து நிமிட வித்தியாசம் இருந்தால்கூட, யார் எப்போது எங்கே இருந்தார் என்ற கணக்கு முழுதும் மாறிவிடும்.